மோர்த் தண்ணீர்

வடிவு வாழைப்பூவை நறுக்கி மோர்த் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். மார்பில் வந்தது புற்றுதான் என்று தெரிந்ததிலிருந்து தங்கை எழிலி அவளுக்குத் தினமும் நெல்லிச்சாறு பிழிந்து கொடுக்கிறாள். உடம்புக்குள் ஏறும் ஒருவகைத் துருதான் நல்ல செல்லையும் புற்றாக்குகிறது, நெல்லி அதைத் தடுக்கும் என்று அக்காவை நம்பவைத்ததும் அவள்தான். இன்று தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் புற்றுச்செல்கள் வளரும் இரண்டு தட்டுகளில் கீமோ மருந்தை விட்டு, ஒன்றில் மட்டும் அந்தச் சாற்றையும் கலந்திருந்தாள். சாறு இல்லாத தட்டில் செல்கள் செத்துக் கிடந்தன. சாறு விட்ட தட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த மருந்து புற்றைக் கொல்வதும் அதே துருவை ஏற்றித்தான்.

“ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஜூஸ் எங்க?”

“இன்னிக்கு வேண்டாம்க்கா.”

“உன் சோம்பேறித்தனத்துக்கு நான் சாகணுமா?” வடிவு சிரித்தாள். “நாளைக்குக் கீமோ. ரெண்டு டம்ளரா குடு.” பிறகு மோருக்குள் கைவிட்டு ஒரு பிடி பூவை அள்ளிக் காட்டினாள். “பாரு, ஒண்ணுகூடக் கருக்கல.”

எழிலி அக்காவின் கையிலிருந்து ஒரு பூவை மட்டும் எடுத்து, துடைத்து, வெறும் தட்டில் வைத்தாள். மோர் இல்லாமல் அது துருவேறிக் கருப்பதற்காகக் காத்து நின்றாள்.