உச்சிக் குரல்

"உங்க பொண்ணு இல்லேன்னா எங்க குழு மேடையேறாதுங்க" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் பாக்கியநாதன். பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவின் இயக்குநர். மெட்ராஸிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்த மனுஷன், தானியேல் வீட்டு முக்காலியில் உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற மகள் விக்டோரியாவுக்கு அதைவிடத் தவிப்பு. லீவுக்கு வந்த பெண்ணை அப்பன் திரும்ப அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். சாயங்கால ரயிலை விட்டால் ராத்திரி பெங்களூர் மெயில் கிடைக்காது, அங்கே நடக்கும் சேர்ந்திசைப் போட்டியும் கிடையாது. குழுவில் பாடுகிறவர்களுக்கு ஹாஸ்டலில் தங்கவும் சாப்பிடவும் காசில்லை; போட்டிக்கு வராதவர்களுக்கு அந்த இடம் கிடையாது என்பது குழுவின் சட்டம். இடம் போனால் பி.ஏ. கடைசி வருஷம் அம்போ. நாளைக்கு எளாவூரிலிருந்து பெண் பார்க்க வேறு வருகிறார்கள்.

தானியேல் லேசில் மசிகிற ஆள் இல்லை. அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். எமர்ஜென்சி வருஷம் திறந்த இரும்பு ஆலைக்குள் காலடி வைத்து, சட்டைப்பையில் கம்பெனி பேரைக் குத்திக்கொண்டு வந்த முதல் ஆள் இவன்தான். கொடுத்த வாக்கை மாற்றினால் மானம் போச்சு என்று நினைக்கிறவன்.

"மாப்ள ஊட்டுக்காரங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன் சார். பாட்டா சோறு போடப் போவுது?"

"போடுதுங்களே. ஹாஸ்டல்ல மூணு வேளையும் அதுதான் போடுது."

அம்மா ஆரோக்கியமேரி டீ டம்ளரை அவரிடம் நீட்டியபடி குறுக்கே வந்தாள். "யோவ், அவரு இம்மாந்தூரம் வந்துகீறாரு. பொண்ணு பாக்கறவங்க அடுத்த வாரம் வந்தா இன்னா, தேஞ்சா பூடுவாங்க?"

தானியேல் தாடையைச் சொறிந்தான். "சரி, ஒண்ணு பண்ணு. பாப்பா, இங்கியே ஒரு பாட்டு பாடு. கேட்டு எனுக்கு மனசு எறங்குச்சுன்னா போ."

பாக்கியநாதனுக்கு டீ புரையேறியது.

"வேண்டாங்க" என்று இருமலுக்கு நடுவே கையை ஆட்டினார். "போட்டிக்கு முன்னால தனியாப் பாடினா குரல் கெட்டுடும். எங்க குழுவுல அது வழக்கமே இல்ல."

"தோ, இதே கததான்" என்றான் தானியேல். "கோயில்லகூட வாயத் தொறக்காம நிக்கிது. கேட்டா, சார் குரலுக்கு ரெஸ்ட்டு குடுக்கச் சொல்லிகீறாருன்னுது. சரி, நீங்களாச்சும் ரெண்டு வரி பாடுங்க, கேப்போம்."

"நான் கையாட்டுறவன்தானுங்க. பாடுறது அவங்க வேலை."

"நல்லா கீது. பூசைக்கு வந்த சாமியாரு பைபிளத் தொறக்க மாட்டேன்ன மாதிரி."

சிரித்த தானியேல், என்ன நினைத்தானோ, குரலைத் தாழ்த்தினான்.

"கிறிஸ்மஸ் அப்போ ரேடியோல உங்க பாட்டு வந்துச்சு சார். மில்லுல டிரான்சிஸ்டர் வெச்சி, ஷிப்டு மொத்தத்துக்கும் டீ வாங்கிக் குடுத்துக் கேக்க வெச்சேன். இதுல உன் பொண்ணு எதுய்யான்னானுங்க. எல்லாம் ஒண்ணா கேட்டா எப்டிச் சொல்றது? நடுவுல ஒரு குரல் மட்டும் தனியா மேல போச்சு, உச்சிக்கு. அதான் எம்பொண்ணுன்னேன். எங்க போர்மேன் கண்ணத் தொடச்சிக்கினாரு." பாக்கியநாதன் பக்கம் குனிந்தான். "மெய்தானே சார்? அது பாப்பாதானே?"

விக்டோரியா தாவணி நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டாள். பாக்கியநாதன் அவளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேற யாருங்க அப்படிப் பாடுவா?" என்றார்.

தானியேல் உள்ளே போய் மகளின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"நட பாப்பா, ரயிலு போயிடப் போவுது. எளாவூர்க்காரங்கள நான் பாத்துக்கறேன்."

ரயில் பொன்னேரி தாண்டிவிட்டது. எதிர் சீட்டில் பாக்கியநாதன் முழங்காலில் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைச் சுமந்து வந்த அப்பாவின் முகம் கண்ணிலேயே நின்றது விக்டோரியாவுக்கு. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ரேடியோல மேல போனது ஸ்டெல்லா குரல் சார்."

"தெரியும்."

"மொத நாளே நான் பாடுனதக் கேட்டு மூஞ்சியச் சுளிச்சிக்கினு, 'நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்'னு சொன்னதே நீங்கதான். மூணு வருசமா அசச்சிக்கினுதான் கீறேன். இப்டி ஒருத்திய எதுக்கு சார் சேத்துக்கினீங்க? எங்க நைனாவாண்ட எதுக்கு சார் இவ்ளோ பெரிய பொய்யி?"

முழங்காலில் தாளம் நின்றது. பாக்கியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை கட்டிக் காத்த படித்தவர் பேச்சு எங்கே போனதோ, மெதுவாகச் சொன்னார்:

"நானும் வாய மட்டும் அசச்சித்தாம்மா ஹாஸ்டல் சோறு துன்னேன்."