தாமதமாகக் கிளம்பிய கப்பல்

எஞ்சின் கோளாறு என்று கப்பல் மதியம் வரை கிளம்பவில்லை. காலையில்தான் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்த அவள், கேபின் ஜன்னல் வழியே பார்த்து வெலவெலத்துப் போனாள். அம்மா போன பிறகு தன்னைத் தனியாக வளர்த்த அப்பா, கூட்டத்தோடு கூட்டமாகப் பெட்டியும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தார்.

"வெளியூர்ல வேலைன்னாரே. எப்படியோ மோப்பம் பிடிச்சிட்டார்."

"நேரத்துக்குக் கிளம்பியிருந்தா தப்பிச்சிருப்போம். கதவைத் திறக்காதே," என்றான் புதுக் கணவன்.

கப்பல் நகர்ந்தது. இனி இறங்கி ஓடவும் வழியில்லை. வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பசி காதை அடைத்தது.

"திட்டினா திட்டட்டும். சாப்பிட்டுட்டே வாங்கிக்கலாம்," என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் முதல் மேஜையிலேயே அப்பா. அவளைக் கண்டதும் முகம் வெளிறி எழுந்து நின்றார். பக்கத்திலிருந்த பெண்மணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா, வந்து..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்புதாம்மா. உன்கிட்ட சொல்லாம இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது தப்புதான். அதுக்காகக் கப்பல் ஏறியா என்னைப் பிடிக்க வருவே?"