வேலியோரம் நிற்பவர்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வெயில் சாய்கிறது. மில்லில் கல் இடிபடும் சத்தம் ஓயாமல் கேட்கிறது. நாவல்களும் குழந்தைக் கதைகளும் எழுதும் சலோமியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் குப்பம்மாள் நிற்கிறாள். அவள் கணவன் சுரங்கத்தில் பாறை சரிந்து புதைந்து நாலு மாதமாகிறது, உடல் கிடைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு ஒரு கதை படிச்சிக் காட்னீங்களாமே. ஷாஃப்ட்டுக் குழில செத்தவரு வூடு திரும்புற கதை."

சலோமியம்மாள் தலையசைக்கிறாள். தகப்பனை இழந்த பிள்ளைகளின் ஆறுதலுக்காக எழுதியது அது.

"அன்னிலேர்ந்து எங்க வூட்டுக்காரரு வந்துக்கினு கீறாரு. சோறு வச்சாலும் துன்ன மாட்றாரு, பேச மாட்றாரு. இப்பகூட என் பின்னாலயேதான் வந்தாரு. தோ, வேலியோரம் நிக்கறாரு."

வேலியோரம் யாருமில்லை. ஆனால் மழையே காணாத அந்தச் செம்மண்ணில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரம் ஊறிப் பரவுகிறது. சலோமியம்மாளுக்கு ஒன்று உறைக்கிறது: கதையில் திரும்பி வந்தவனுக்கு அவள் ஒரு பேச்சுகூட எழுதவில்லை.

"அவர் என்ன பேசணும் குப்பம்மா?"

குப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். "அன்னிக்கி ஷிப்டுக்குக் கெளம்பறப்ப போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் வந்துட்டாரு போல. இந்த வாட்டி போறேன்னு மட்டும் சொல்ற மாதிரி எழுதுங்கம்மா."

சலோமியம்மாள் அந்தக் கதைத் தாளை எடுத்து வைக்கிறாள். பிறகு பேனாவை மையில் தோய்த்து அந்த ஒற்றைச் சொல்லை எழுதுகிறாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. குப்பம்மாளுக்கு எழுத்தும் தெரியாது. ஆனாலும் அவள் வேலிப் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொல்கிறாள்:

"சரி, போங்க."