நாலு படி

கிட்ட வாங்க கண்ணுகளா, கனடாவில் வின்னிபெக் ஊர் டார்லீன் கதை சொல்றேன்.

டார்லீன் சக்கர நாற்காலியில் இருப்பவள். வாசலில் நாலு படி, அதனால் வெளியே போகவே வழியில்லை. நாற்காலி உருண்டு இறங்கச் சாய்தளம் கேட்டு அரசு அலுவலகத்துக்கு இரண்டு வருஷம் எழுதினாள். "காத்திருங்கள்" என்றே பதில் வந்தது. அலுத்துப்போய், அந்த நாட்டுச் சட்டப்படி டாக்டர் உதவியோடு சாக அனுமதி கேட்டு அதே அலுவலகத்துக்கு எழுதினாள். மறுவாரமே டாக்டரம்மா வந்துவிட்டார்.

வாசலிலிருந்தே போன் செய்தார்.

"உள்ள வர முடியலம்மா. படி இருக்கே."

"ஏன், டாக்டருக்குப் படி ஏறத் தெரியாதா?"

"நானும் சக்கர நாற்காலிதாம்மா."

அலுவலகத்து ஊழியருக்கு இடைஞ்சலாம். மறுநாளே சாய்தளம் போட்டுவிட்டார்கள்.

சாவு அனுமதிப் படிவத்தோடு டாக்டரம்மா சாய்தளத்தில் ஏறினார். எதிரே டார்லீன் இறங்கினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? கையெழுத்து?"

"சாக இப்ப எங்க நேரம்? ஓரமா போங்க டாக்டரம்மா, பேக்கரிய மூடிடுவான்."

உங்கள் வீட்டு வாசல் எல்லோருக்கும் வழிவிடட்டும், கண்ணுகளா.