போயா நாளில் ஈமெயில் வருமா?

“பிள்ளை, போயா நாளில ஈமெயில் வருமோ?”

அருந்ததி தலையில் கை வைத்துக்கொண்டாள். கேட்டது நேசம் அன்ரி.

கொழும்பு வெள்ளவத்தையில் ராசிக் நானா நடத்தும் கொமினிகேஷன் கடைக்கு அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து காதில் விழுந்த முட்டாள் கேள்விகளில் முதல் பரிசு இதற்குத்தான். போட்டி லேசானதல்ல. ஊரடங்கு போட்டால் ஈமெயில் நிற்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செக் பொயின்டில் பிரித்துப் பார்ப்பார்களா என்று இன்னொருவர். கரண்ட் போனால் பாதி வழியில் விழுந்துவிடாதா என்று கேட்டவர் ஒரு ரிட்டயர்ட் மாஸ்டர்.

“பௌர்ணமிப் போயாவுக்கு லீவு தபால் கந்தோருக்கு அன்ரி. இன்டர்நெட்டுக்கு இல்லை.”

கொம்பியூட்டர் தெரியுமா என்று கேட்டு அவளை வேலைக்கு எடுத்த நானா, வாயைப் பற்றி விசாரிக்க மறந்துவிட்டார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை வீட்டிலிருந்தால் அம்மாவோடு சண்டைதான் என்று வேலைக்கு வந்தவள் அவள். ரிசல்ட்டைப் பற்றித் தனக்கு ஒரு பயமும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கெமிஸ்ட்ரி பேப்பரைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

நேசம் அன்ரி தினமும் வருவா. மூலைக் கொம்பியூட்டரில் இருப்பா. அருந்ததி ஈமெயிலைத் திறந்து கொடுப்பாள். பிரான்சில் இருக்கும் மகனிடமிருந்து வந்த ஒரேயொரு ஈமெயில், திறக்கப்படாமல், தடித்த எழுத்தில் அங்கே கிடக்கும். அன்ரி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போய்விடுவா.

இப்படியே விட்டால் பதிவுத் தபால் மாதிரி அது திரும்பிப் போய்விடுமா என்றும் கேட்டா. போகாது என்று அருந்ததி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்ப நாளைக்குப் பாப்பம்.”

“நாளைக்கெண்டு நாளைக்கெண்டு எத்தினை நாள் அன்ரி? ஏன் திறக்காமல் இருக்கிறியள்?”

அன்ரி குரலைத் தாழ்த்தினா. மகன் அங்கே அகதிக் கேஸ் போட்டிருந்தானாம். முடிவு வந்திருக்க வேண்டுமாம்.

“நல்லதெண்டால் போன் எடுத்திருப்பான் பிள்ளை. இவன் எழுதியெல்லே இருக்கிறான்.”

“திறந்தாலும் திறக்காட்டியும் உள்ளுக்க இருக்கிறது மாறாது. சும்மா பயந்து என்ன பிரயோசனம்?” என்ற அருந்ததி, அன்ரியின் கைக்கடியிலிருந்த மவுஸை இழுத்து அமத்திவிட்டாள்.

ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தான். கடையிலே தன்னைவிட வேகமாக அதை வாசிக்க ஆளில்லை என்ற பெருமையோடு சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

“அம்மா, கேஸ் சரிவரேல்லை. போனில சொல்ல எனக்கு...”

வேகம் அந்த இடத்தில் நின்றது. மிச்சத்தை மெதுவாக வாசித்தாள். திரும்ப அப்பீல் போட்டிருக்கிறானாம். யோசிக்க வேண்டாமாம்.

அன்ரி அழவில்லை. கைப்பையின் சிப்பை இழுத்தா, மூடினா, மறுபடி இழுத்தா.

“பதில் எப்பிடிப் போடுறது பிள்ளை?”

அருந்ததிக்கு முட்டாள்தனமாகத் தோன்றாத முதல் கேள்வி அது. காட்டிக் கொடுத்தாள். அன்ரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ‘சாப்பிட்டியா’ என்று மட்டும் எழுதி அனுப்பினா.

ரிசல்ட் வந்தது போயாவுக்கு முதல்நாள் பின்னேரம்.

போயா அன்று காலமை கடை திறக்க முன்னமே பொடியன்களும் பெட்டைகளும் வாசலில் நின்றார்கள். அருந்ததி இன்டெக்ஸ் நம்பரை வாங்கி அடிப்பாள். வந்தவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

“ரெண்டு சி, ஒரு எஸ். அடுத்த ஆள்.”

ஒரு பெட்டை கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணைப் பொத்தினால் மார்க்ஸ் கூடிவிடாது என்று அவளுக்கும் ஒரு புத்திமதி கிடைத்தது.

கூட்டம் முடிந்தது. ரிசல்ட் பக்கம் திரையில் திறந்தபடியே இருந்தது. நம்பர் எழுதிய அட்டை அருந்ததியின் பேர்ஸுக்குள் இருந்தது. அவள் கீபோர்டைத் துடைத்தாள். மவுஸைக் கழற்றி, உள்ளே இருந்த உருண்டையை எடுத்து ஊதினாள். சிக்காத வயர்களுக்கும் சிக்கெடுத்தாள். மூலையில் மகனுக்கு எழுதிக்கொண்டிருந்த நேசம் அன்ரி இடைக்கிடை நிமிர்ந்து பார்த்தா.

ரெலிபோன் அடித்தது. அம்மா.

பக்கத்து வீட்டுப் பொடியன் ரிசல்ட் பார்த்துவிட்டானாம். கொம்பியூட்டர் கடையிலேயே இருக்கிறவளுக்கு இன்னும் என்ன சுணக்கமாம்.

“அவன் நேற்றுப் பாத்திருப்பான் அம்மா.” அருந்ததி மவுஸைத் தள்ளி வைத்தாள். “இண்டைக்குப் போயாவெல்லே. போயா நாளில இன்டர்நெட் வேலை செய்யாது.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அம்மா நம்பவில்லை. யாருக்குக் காது குத்துகிறாய் என்று அந்தப் பக்கத்தில் குரல் உயர்ந்தது.

நேசம் அன்ரி எழும்பி வந்தா. திரையைப் பார்த்தா. மேசையில் கிடந்த, அட்டை இருந்த பேர்ஸையும் பார்த்தா. பேர்ஸும் மவுஸும் அன்ரியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பது அருந்ததிக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்ரி பேர்ஸையும் தொடவில்லை, மவுஸையும் தொடவில்லை. அவளுடைய கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கினா.

“ஓம் தங்கச்சி, போயாவெண்டால் இது ஓடாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. உங்கட மகள்தான் சொல்லித் தந்தவ.”