பூட்டிய கதவு

மார்ச் பதினான்கு, ஞாயிறு காலை பத்து மணி, நாய்க்குட்டி விற்பவரின் முன்னறை. சன்னல் வெயிலில் தூசி மெதுவாக மிதக்கிறது. பாலாடை நிறத்தில் ஐந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகின்றன. ஆறாவது, வாங்க வந்தவளின் மடியில். அதற்கு அவள் பெயரே வைத்துவிட்டாள். “தாயைப் பார்க்கணுமே,” என்கிறான் கணவன். விற்பவர் ஒரு நாயை இழுத்து வருகிறார். “இதாங்க அம்மா.” அதன் வயிறு ஒட்டிக் கிடக்கிறது. “பெத்த பிள்ளைங்க திரும்பிக்கூடப் பாக்கலையே?” என்கிறாள் அவள். “தூக்கக் கலக்கங்க.” அப்போது பூட்டிய பின்கதவுக்கு அப்பால் ஒரு மெல்லிய முனகல். ஐந்தும் விழித்துத் தடுமாறிக் கதவை நோக்கி ஓடுகின்றன. மடியில் இருப்பதும் திமிறுகிறது. “அங்க யாரு?” என்கிறான் கணவன். விற்பவர் கதவை மறித்து நிற்கிறார். “அது சீக்கு நாய்ங்க, அத எதுக்குப் பாக்கணும்?” அவள் எழுந்துபோய், குட்டியைக் கதவடியில் இறக்கிவிடுகிறாள். குட்டிக்காக அவர்கள் கொண்டுவந்த, துண்டு விரித்த கூடை காலியாகவே வீடு திரும்புகிறது.