பகடையை எடை போட்டவர்

"இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் சொல்லிடுங்கக்கா. அடுத்த வாரத்துல இருந்து அவர் வேண்டாம்."

ஆம்புலன்ஸ் டிரைவர் இப்படிச் சொன்னபோது, தையற்கடைக்காரியும் சரியென்று தலையாட்டினாள். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை. துணி வெட்டுகிற பெரிய மேஜையைத் துடைத்துவிட்டு, நாலு பேர் உட்கார்ந்து கதை ஆட்டம் ஆடுவார்கள். கதையை நடத்துவது அவள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். டிரைவர் மந்திரவாதி, கண்டதையெல்லாம் கொளுத்துவார். அவள் தங்கை திருடி. பூட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நாலாவது ஆள்தான் தலைவலி.

கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர் அவர். எடுத்துக்கொண்டதோ, பொய் பேசாத, முறை தவறாத பக்திமான் வீரன் வேஷம். கேட்கவா வேண்டும்! கோட்டைக் காவலனிடம் மந்திரவாதி, "நாங்க சமையல்காரங்க" என்று அளந்துவிட்டால், வீரன் குறுக்கே புகுந்து, "மன்னிக்கணும், நாங்க உளவு பார்க்க வந்திருக்கோம்" என்பார். திருடி பாடுபட்டு அடித்த கிரீடத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்ததோடு, மன்னிப்புக் கடிதமும் எழுத வைத்தார். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பிரார்த்தனை வேறு.

வேஷம்தான் அப்படி என்றால் ஆளும் அப்படியே. முதல் நாளே, ஆட்டத்தில் எது பலிக்கும் என்று தீர்மானிக்கிற இருபது முகப் பகடைகளைத் தன் சின்னத் தராசில் எடை போட்டு, ஒன்றை ஒதுக்கித் தள்ளினார். செத்த பாத்திரம் திரும்பி வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பகடை கீழே விழுந்தாலும் அது காட்டுகிற எண்தான் செல்லும் என்பதும் அவர் சட்டமே. குனிந்து பார்த்துச் சொல்வதும் அவர்தான். அவர் வாயில் பொய் வராது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அன்றைக்கு மலைக்குகை. உள்ளே டிராகன் தூங்குகிறது. சத்தமில்லாமல் நுழைந்தால் புதையல் கையில். நம்ம வீரர் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் நின்று, "ஐயா, உள்ளே வரலாமா?" என்று குரல் கொடுத்தார். அனுமதி கேட்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் போவது முறையில்லையாம்.

எழுந்த டிராகன், முன்னால் நின்ற திருடியை ஒரே அடி அடித்தது. உயிர் ஊசலாடுகிறது. பகடையில் பதினொன்றுக்குக் குறையாமல் விழுந்தால் பிழைப்பாள். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

தங்கைக்கு முகம் செத்துப்போயிற்று. பார்சல் அலுவலகத்தின் பின்னறையில் விலாசம் பார்த்துப் பிரிக்கிற வேலை அவளுக்கு. பேச்சு திக்கும் என்பதால் நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டாள். இந்தத் திருடியாக உட்கார்ந்தால் மட்டும் வாய் ஓயாது. ஒரு சொல் திக்காது. அப்படிப் பேச ஆரம்பிக்கவே மூன்று மாதம் பிடித்தது. இந்தத் திருடி செத்துப்போனால் அப்படி இன்னொரு வேஷத்தை எங்கே தேடுவது?

"அ... அக்கா, நா... நான் போடட்டுமா?"

ஆட்டத்தில் அவள் திக்கியது இதுதான் முதல் தடவை. எல்லாம் இந்த மனுஷனால் வந்தது என்று தையற்கடைக்காரி ஆய்வாளரை முறைத்தாள்.

தங்கை வீசிய வேகத்தில் மஞ்சள் பகடை துள்ளி, மேஜையைத் தாண்டி எங்கேயோ ‘டிக்’கென்று விழுந்தது.

எல்லாரையும் நகராமல் இருக்கச் சொல்லிவிட்டு, ஆய்வாளர் மண்டியிட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் தலையை விட்டார். ரொம்ப நேரம் துழாவினார். பிறகு முழங்காலெல்லாம் நூல் குப்பை ஒட்டியிருக்க, ஒரு கையைப் பொத்தியபடி எழுந்தார்.

"பதினேழு. பிழைச்சுட்டா."

டிரைவர் விசிலடித்தார். தங்கை நாற்காலியை விட்டு எழுந்து டிராகனைத் திட்ட ஆரம்பித்தவள், பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. ஒரு இடத்திலும் திக்கவில்லை.

ஆய்வாளர் பொத்திய கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். பகடையின் ஓரம் தேய்ந்த மாதிரி இருக்கிறது, எடை பார்த்து அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்றார். ஆரம்பித்துவிட்டாரே என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கலகலப்பில், ‘இனி வராதீங்க’ என்று சொல்ல வேண்டியது தையற்கடைக்காரிக்கு மறந்தே போயிற்று.

மறுநாள் காலை ஒரு சட்டைக்குப் பொத்தான் தேடினாள். மெஷின் மேல் பொத்தான் டப்பா சனிக்கிழமையிலிருந்து திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தால், வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது பகடை.

மேல்முகத்தில் மூன்று.

நேற்று ஆய்வாளர் பொத்திக்கொண்டு எழுந்த கை நினைவுக்கு வந்தது. அப்புறம் தனியாக நின்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு ஆய்வாளர்தான் முதல் ஆளாக வந்தார். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியது போல் பளபளக்கிற மஞ்சள் பகடை ஒன்றை மேஜையில் வைத்தார்.

"எடை பார்த்துட்டேன்மா. அதே பகடைதான், குறை ஒண்ணும் இல்ல."

பின்னாலேயே வந்த டிரைவர், அவள் காதருகில் குனிந்து, இன்றைக்காவது அவரிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார்.

"சும்மா இருங்க. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் ஒருத்தராவது நம்ம கூட்டத்துல இருக்கட்டும்" என்றாள் அவள், பொத்தான் டப்பாவை இறுக்கி மூடியபடி.